சீலிங்குக்கு மேலே கறுத்துக் கிடப்பது என்ன?

கேள்வி: உவர்மலையில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. மாரி முடிந்து வெயில் வந்த பிறகும் அறைக்குள் நனைந்த சாக்கு மணம் போகவில்லை. சீலிங் பலகை ஒன்றைக் கழற்றி எட்டிப் பார்த்தால் சலாகைகளில் கறுப்புப் புள்ளிகள், சில இடங்களில் வெள்ளைப் பஞ்சு மாதிரி. பெயின்ட் அடித்து மூடிவிடலாமா? அம்மாவுக்கு முட்டு வருத்தம் இருப்பதால் பயமாக இருக்கிறது.
(வாசகி, உவர்மலை)

பதில்: பெயின்ட் வேண்டாம் தங்கச்சி. எங்கள் பெரியம்மா வீட்டில் அப்படித்தான் மூடினார்கள், அடுத்த கார்த்திகையில் பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி, அடியில் முன்னையதை விடக் கறுப்பாக இருந்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூஞ்சணம்தான். டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்: அடுப்புக்கரி ஒரே சீராகப் படிந்திருக்கும், பூஞ்சணம் வட்டம் வட்டமாகப் பரவும். சுவரோரத்து வெள்ளை தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது உப்புப் பூத்தது. பிறகு கறுத்த இடத்தில் ஒரு ஆணியைக் குத்துங்கள், நுனி மெத்தென்று இறங்கினால் மரம் உக்கிவிட்டது, அந்தச் சலாகையை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் துடைப்பதற்கு முதல் தண்ணீர் வரும் வழியைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை தரம் துடைத்தாலும் திரும்ப வரும். புள்ளிகள் எங்கே கூடுதலோ அதற்கு நேர் மேலே பாருங்கள். குரங்கு நகர்த்திய ஓடாக இருக்கலாம், மாவிலை அடைத்த பீலியாக இருக்கலாம், வாடைக்காற்றில் மழை முகட்டோட்டுக்குள் அடித்திருக்கலாம். குசினி ஆவியோ குளியலறை ஃபேனோ சீலிங்குக்குள் திறந்திருந்தால் மழையே இல்லாமலும் பூஞ்சணம் பிடிக்கும்.

சுத்தம் செய்கிற அன்றைக்கு அம்மாவை வேறு வீட்டில் விடுங்கள், தூள் பறந்தால் முட்டு கூடும். ஏறுபவர் என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி போட வேண்டும். காய்ந்தபடி பிரஷ் போடவே கூடாது, சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். குளோரின் மரத்துக்குள் இறங்காது, மேல் நிறத்தைத்தான் வெளிறச் செய்யும். அதோடு வினாகிரியைக் கலந்தால் நச்சு வாயு வரும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நனைந்து ஊதிய சீலிங் பலகையைக் கழுவிப் பயனில்லை, பையில் கட்டி அகற்றுங்கள். பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம், அதன் நார் சுவாசப்பையைக் கெடுக்கும்.

மூன்றடிக்கு மூன்றடியை விடப் பெரிதாகப் பரவியிருந்தால் தெரிந்த ஆளைப் பிடித்துச் செய்வியுங்கள். எல்லாம் முடிந்தாலும் கழற்றிய பலகையை உடனே பூட்டாமல், அடுத்த நல்ல மழை விட்ட கையோடு டோர்ச்சுடன் ஒருதரம் எட்டிப் பாருங்கள். மரம் காய்ந்திருந்தால் பூட்டலாம்.