கழற்றும் முன் அளந்து பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: "மாற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை." பல்பை மாற்றியிருக்கிறார்கள், மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள், ஒருவர் சர்க்யூட் போர்டையே மாற்றிவிட்டார். கை சும்மா இருக்காதவர்கள்தான் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் எதையாவது அளந்தீர்களா என்று தேடினால், ஒரே ஒரு கடிதத்தில்தான் அளந்த எண் ஒன்று இருந்தது. அவருக்கே முதல் பதில்.

கே: ஐயா, சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. பல்பை மாற்றினேன், புதுசும் அப்படியே. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 70 வோல்ட் காட்டுகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டதா?

ப: சுவிட்சை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். நீங்கள் பார்த்த 70 வோல்ட் அனேகமாகப் பொய் வோல்ட்டேஜ். உங்கள் மீட்டர் பொய் சொல்கிறது என்று அர்த்தமில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகாஓம். அதாவது அது கம்பியிலிருந்து இழுப்பது 7 மைக்ரோஆம்பியர்தான். அவ்வளவு சொற்ப மின்சாரம் எங்கிருந்து கசிந்தாலும் அது எண்ணாகக் காட்டிவிடும்.

எங்கிருந்து கசிகிறது? சுவரில் ஒரே குழாய்க்குள் இரண்டு கம்பிகள் ஒட்டி ஓடுகின்றன. ஒன்றில் மின்சாரம் இருக்கிறது, மற்றது சுவிட்சோடு நின்றுபோன கம்பி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் இன்சுலேஷன் ஒரு குட்டி கெப்பாசிட்டர் (வீட்டு ஏசி மின்சாரத்தைச் சொற்பமாகக் கடத்திவிடும் பாகம்) ஆகிவிடுகிறது. பத்து மீட்டர் ஓட்டத்துக்கு 1000 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் இணைப்பில் அதன் வழியே அதிகபட்சம் 70 மைக்ரோஆம்பியர் போகும். பழைய 60 வாட் குண்டு பல்புக்கு கால் ஆம்பியருக்கு மேல் வேண்டும், அதனால் இந்தக் கசிவை அது கண்டுகொண்டதே இல்லை. எல்இடிக்கு இதுவே மினுக்கப் போதும்.

பொய்யா நிஜமா என்று பார்க்க வழி இருக்கிறது. மீட்டர் முனைகள் ஹோல்டரில் இருக்கும்போதே, அதற்கு இணையாக ஒரு குண்டு பல்பை இணையுங்கள். 70 வோல்ட் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அது கசிவுதான். விழாமல் நின்றால் எங்கோ நிஜமான இணைப்பு இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கசிவுதான் என்று தெரிந்தாலும் இன்னொன்றைப் பார்த்துவிட வேண்டும். சுவிட்ச் மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இருக்கிறதா, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியிலா? பல்பைக் கழற்றி, சுவிட்சை அணைத்து, ஹோல்டரின் ஒவ்வொரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஏதாவது ஒன்றில் முழு 230 காட்டினால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. பல்பு மினுக்குவது அங்கே சின்ன விஷயம். அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பைக் கழற்றுகிறவரின் விரல் நுனியில் உயிருள்ள கம்பி இருக்கிறது. முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். கரண்ட் இருக்கும்போது அளந்து பழக்கமில்லையென்றால் இதையும் எலெக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

அதுவும் இல்லை, சுவிட்சில் இருட்டில் தெரிவதற்கான குட்டி விளக்கும் இல்லை என்றால் (அந்த விளக்கும் பல்பு வழியாகவே மின்சாரம் எடுக்கும்), பல்புக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று போதும். கசிவு வோல்ட்டேஜ் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆனால் அது மெயின் லைனுக்கென்றே செய்த எக்ஸ்2 வகையாக இருக்க வேண்டும். பழைய ரேடியோவில் பிடுங்கியது வேண்டவே வேண்டாம்.

கே: நாலு கால் மேஜை ஆடுகிறது. ஒரு காலை அறுத்தேன், இப்போது வேறு கால் ஆடுகிறது.

ப: ரம்பத்தைக் கீழே வையுங்கள். மேஜையை நல்ல சமதளத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். அங்கே ஆடாவிட்டால் குற்றம் தரையில். சதுர மேஜையாக, கால்கள் ஒரே நீளமாக இருந்தால், நின்ற இடத்திலேயே மெல்லத் திருப்பிக்கொண்டு வாருங்கள். 90 டிகிரி திருப்புவதற்குள் நாலு காலும் ஊன்றும் ஒரு நிலை வந்துவிடும். மேடு பள்ளம் படிபோல வெட்டுப்படாமல், ரொம்பச் சரிவாகவும் இல்லாமல் இருந்தால் இது நிச்சயம் நடக்கும் என்று கணிதக்காரர்கள் நிரூபித்தே வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஏற்கெனவே அறுத்துவிட்டதால், முதலில் குட்டையான காலுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு ஒட்டுங்கள்.

கே: கிணறு 9 மீட்டர் ஆழம். மேலே தரையில் வைத்த பம்பு தண்ணீரை எடுக்கவில்லை. அரை ஹெச்பியைக் கழற்றிவிட்டு ஒரு ஹெச்பி போட்டேன், அப்போதும் அதே கதை. இரண்டு ஹெச்பி போடட்டுமா?

ப: இருபது ஹெச்பி போட்டாலும் வராமல் போகலாம். பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது, வெளியே கிணற்றில் தண்ணீர் மேல் அழுத்தும் காற்றுதான் அதை மேலே தள்ளுகிறது. அந்தக் காற்றுக்கு எவ்வளவு பலமோ அவ்வளவு உயரம்தான். 1643-இல் இத்தாலிய விஞ்ஞானி டோரிசெல்லியின் யோசனையின்படி செய்து பார்த்த பாதரசக் குழாய்ச் சோதனையில் பாதரசம் சுமார் 76 சென்டிமீட்டர் நின்றது. பாதரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பார்த்தால் தண்ணீருக்கு 10.3 மீட்டர். கடல் மட்டத்தில், குழாய்க்குள் முழு வெற்றிடம் இருந்தால் கிடைக்கும் கணக்கு இது.

நிஜத்தில் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 30 டிகிரி தண்ணீரின் ஆவியழுத்தத்துக்கு 0.4 மீட்டர். பம்பின் வாயில் மிச்சம் இருக்க வேண்டிய அழுத்தத்துக்கு இரண்டு, மூன்று மீட்டர். ஃபுட் வால்வு (தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கக் குழாயின் அடிநுனியில் இருப்பது), வளைவுகள், குழாய் உராய்வு எல்லாவற்றுக்கும் ஒரு மீட்டர். மீதி ஆறு, ஏழு மீட்டர். மலைமேல் இருக்கிறவர்களுக்கு இன்னும் குறையும், 1500 மீட்டர் உயரத்தில் தொடக்கமே 8.6 மீட்டர்தான். பெரிய பம்பு அதிகத் தண்ணீரை ஓட்டப் பார்க்கும், அதே குழாயில் உராய்வு கூடும், நிலைமை இன்னும் மோசமாகும். பம்புக்குள் சரளைக்கல் போட்டு அரைப்பதுபோல் சத்தம் வந்தால், தண்ணீர் உள்ளேயே ஆவிக்குமிழாகி உடைகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் இம்பெல்லரில், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்தில், சொட்டைச் சொட்டையாக அரித்துவிடும்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் கடிதத்தில் நான் தேடிய எண் இல்லை. கிணற்றின் ஆழத்தை எழுதியிருக்கிறீர்கள், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எழுதவில்லை. கயிற்றில் ஒரு கனமான நட்டைக் கட்டி இறக்கி, தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பின் நடுமையம் வரை அளந்து பாருங்கள். அது நாலு மீட்டர்தான் என்றால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது சந்தேகம் சக்‌ஷன் பைப்பில் காற்று புகுவதன் மேல்.

அதைப் பிடிப்பதற்கு ஜாயின்ட்டில் சோப்புத் தண்ணீர் தடவுவார்கள் சிலர். இங்கே அதனால் பயனில்லை, ஓடும்போது காற்று உள்ளே போகிறதே தவிர வெளியே வருவதில்லை, குமிழ் எங்கே கிளம்பும்? மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்பின் மேல் மூடியைக் கழற்றி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். மட்டம் அசையாவிட்டால் ஃபுட் வால்வும் தரைக்குக் கீழே உள்ள ஜாயின்ட்டுகளும் நன்றாக இருக்கின்றன. இறங்கினால், நனைந்திருக்கும் ஜாயின்ட் எது என்று கையால் தடவிப் பாருங்கள். எல்லாம் காய்ந்திருந்தும் இறங்கினால் ஃபுட் வால்வில் தூசி சிக்கியிருக்கும்.

தண்ணீர் மட்டம் உண்மையிலேயே ஏழு மீட்டருக்குக் கீழே என்றால், பம்பை உள்ளே ஒரு மேடையில் இறக்குங்கள், அல்லது நீர்மூழ்கி பம்பு போடுங்கள். தள்ளுவதற்கு எல்லை இல்லை, மோட்டாரின் பலம்தான் எல்லை. நீங்கள் வாங்க நினைத்த ஹெச்பி அங்கேதான் உதவும்.

கே: கதவுக் கீல் கிறீச்சிடுகிறது. டபிள்யூடி-40 அடித்தால் ஒரு வாரம் சத்தமில்லை, மறுபடி ஆரம்பிக்கிறது.

ப: 1953-இல் ஈரத்தை விரட்டி உலோகத்தைத் துருவிலிருந்து காப்பதற்காகச் செய்தது அது. பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அதை வைத்துக் கீல் ஆணியைக் கழுவுங்கள். கறுப்பு மசியைத் துடைத்துவிட்டு ஒரு விரல் நுனி கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

கே: நானே செய்த டிரில் ஸ்டாண்டில் மோட்டாரைப் பிடிக்கும் எம்8 போல்ட்டுகள் அடிக்கடி தளர்கின்றன. ஸ்பிரிங் வாஷர் போட்டேன், இரண்டிரண்டாகக்கூடப் போட்டேன். என்ன செய்ய?

ப: ஸ்பிரிங் வாஷர் மேல் உலகம் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குப் புரிவதே இல்லை. எம்8 போல்ட், 8.8 கிரேடு, 25 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அது தகடுகளை ஏறக்குறைய ஒன்றரை டன் பலத்தில் கவ்வும். அந்த வாஷர் அதில் சொற்ப பலத்திலேயே தட்டையாகிவிடும். தட்டையான பிறகு அது சாதா வாஷர்தான். 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் சோதனை செய்து காட்டினார்: போல்ட்டின் நீளவாட்டில் வரும் அதிர்வைவிட, தகடுகள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நழுவுவதுதான் நட்டை அவிழ்க்கிறது. ஒவ்வொரு நழுவலிலும் மரையின் உராய்வு ஒரு கணம் விட்டுப்போகிறது, நட் துளித்துளியாகத் திரும்பிக்கொள்கிறது.

ஆனால் உங்கள் நட் திரும்புகிறதா என்றே இன்னும் தெரியாது. நன்றாக முறுக்கிவிட்டு, நட்டின் மேலிருந்து தகடு வரை பெயின்ட்டால் ஒரு நேர்கோடு போடுங்கள், போல்ட்டின் நுனியிலும் சேர்த்து. அடுத்த முறை தளர்ந்ததும் ஸ்பேனரை எடுக்காமல் கோட்டைப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் நட் திரும்பியிருக்கிறது. கோடு நேராகவே இருந்தும் தளர்ந்திருந்தால், நட் நின்ற இடத்தில் நிற்கிறது, அதற்கு அடியில் இருப்பது அமுங்கிவிட்டது. கனத்த பெயின்ட், மரப்பலகை, ரப்பர் ஷீட் இவற்றில் ஏதாவது நடுவில் இருக்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அமுங்குவதானால் பெயின்ட்டைச் சுரண்டுங்கள், மரத்துக்கு மேல் அகலமான தடித்த வாஷர் போடுங்கள், முடிந்தால் நீளமான போல்ட்டாக மாற்றி நடுவில் ஒரு குழாய்த் துண்டைக் கோத்துவிடுங்கள். நீளமான போல்ட் அதிகம் இழுபடும், கொஞ்சம் அமுங்கினாலும் பிடி விடாது. நட் திரும்புவதானால் தகடு நழுவுவதைத்தான் நிறுத்த வேண்டும். பெல்ட் இறுக்குவதற்காக நீள்துளை போட்டிருப்பீர்கள், அதன் ஓரத்தில் தகடு நகராதபடி ஒரு தடுப்புத் திருகு வையுங்கள். அப்புறம் நைலான் வளையம் வைத்த நட், அல்லது மரையில் ஊற்றும் பசை. இரட்டை நட் போடுவதானால் மெல்லிய நட் அடியில், கனமான நட் மேலே. பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் மேல் நட்டை இறுக்கிய பிறகு பாரம் முழுவதையும் தாங்குவது அதுதான்.

இன்னொன்று: நீங்கள் முறுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே போகிறது. மரையில் எண்ணெய் பட்டால் அதே முறுக்கில் கவ்வும் பலம் ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன்வரை போகும். எண்ணெய் போட்டால் முறுக்கைக் குறையுங்கள்.

கே: ஆர்டுவினோவில் (புரோகிராம் எழுதி இயக்கும் குட்டி சர்க்யூட் போர்டு) சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) திரும்பும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறது. போர்டை மாற்றினேன், புரோகிராமையும் மாற்றி எழுதினேன்.

ப: புரோகிராம் மேல் பழி போடாதீர்கள். சர்வோ கிளம்பும் கணத்தில் இழுக்கும் மின்சாரம், கம்ப்யூட்டரின் யுஎஸ்பி துளை தரும் 500 மில்லிஆம்பியரைத் தாண்டலாம். 5 வோல்ட் ஒரு கணம் சரிகிறது, சிப் மயங்கி எழுகிறது. மல்ட்டிமீட்டர் அந்தச் சரிவைக் காட்டாது, அது அவ்வளவு வேகம் இல்லை. சர்வோவின் சிவப்புக் கம்பியைப் போர்டிலிருந்து எடுத்து நாலு ஏஏ பேட்டரிக்குக் கொடுங்கள். ரீசெட் நின்றால் விடை கிடைத்தது. பேட்டரியின் மைனஸையும் போர்டின் கிரவுண்டையும் சேர்க்க மறந்தால் சர்வோ வெடவெடவென்று நடுங்கும்.

கே: மல்ட்டிமீட்டரில் வோல்ட், ஓம் எல்லாம் சரியாகக் காட்டுகிறது. ஆம்பியர் மட்டும் எப்போதும் பூஜ்யம்.

ப: சிவப்பு முனை ஆம்பியர் துளையில் இருந்தபடியே யாரோ வோல்ட் பார்த்திருக்கிறார்கள், அனேகமாக மீட்டருக்குள் இருக்கும் ப்யூஸ் போயிருக்கும். வீட்டில் விசாரணை வேண்டாம். சிவப்பு முனையை ஓம் துளையில் செருகி, ஓம் நிலையில் வைத்து, அதன் நுனியை ஆம்பியர் துளைக்குள் தொடுங்கள். சில ஓம்களுக்குள் காட்டினால் ப்யூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் போய்விட்டது. மில்லிஆம்பியருக்குத் தனித் துளை இருந்தால் அதற்கும் தனி ப்யூஸ் இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். பின்மூடியைத் திறக்கும் முன் இரண்டு முனைகளையும் உருவிவிடுங்கள். அதே ஆம்பியர், அதே வோல்ட், அதே வகை ப்யூஸ்தான் போட வேண்டும். கம்பி சுற்றிச் சமாளிப்பது வேண்டாம், அடுத்த முறை அதே தவறு நடந்தால் உருகுவதற்கு மீட்டரும் பிடித்திருக்கும் கையும்தான் மிச்சம்.