போனவர் சொல்லாத காரணம்

கேள்வி: பெருந்துறை பைபாஸில் சைவ ஹோட்டல் நடத்துகிறேன். 22 பேர் வேலை செய்கிறார்கள். சாப்பாடு, ரூம், அட்வான்ஸ் எல்லாம் கொடுத்தும் ஆறு மாதத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை. போன மாதம் தோசை மாஸ்டர் 1,500 ரூபாய் அதிகம் என்று திருப்பூருக்குப் போய்விட்டார். சம்பளத்தை இதற்கு மேல் ஏற்றினால் கட்டாது. என்ன செய்வது?

பதில்: பனியன் கம்பெனியில் ஓவர்டைம் சேர்த்து எவ்வளவு வரும் என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியும். அதனால் சம்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளைத் தக்கவைத்துவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1,500 ரூபாய்க்காக மட்டும் அந்த மாஸ்டர் போயிருக்கமாட்டார். கிளம்புகிறவருக்கு முதலாளியிடம் சொல்லச் சுலபமான காரணம் சம்பளம்தான். மற்றதைச் சொன்னால் சண்டை வரும்.

பத்தொன்பது வயதில் நான் காந்திபுரத்தில் ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தேன். காலை ஐந்தரைக்கு இறங்கினால் மூன்றரைக்குத்தான் சாப்பிட உட்காருவோம். பொரியல் தீர்ந்திருக்கும், சாம்பாரில் காய் இருக்காது. ஆறு மணிக்கு மறுபடி டேபிளுக்கு வந்துவிட வேண்டும். மாடி ரூமில் 14 பேருக்கு இரண்டு ஃபேன், ஒரு பாத்ரூம். பிரேக்கில் பாதி நேரம் அந்த பாத்ரூம் வாசலிலேயே போய்விடும். ஒரு நாள் காபி ஆறிவிட்டது என்று ஒருவர் சத்தம் போட, என்ன ஏது என்று கேட்காமல் கல்லாவிலிருந்தே முதலாளி திட்டினார். அன்று இரவே பையைத் தூக்கிவிட்டேன். அடுத்துச் சேர்ந்த இடத்தில் சம்பளம் 200 ரூபாய் குறைவு. அங்கே நான்கு வருஷம் இருந்தேன். அந்த முதலாளி எங்களோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுவார். அப்புறம் எப்படி எங்களுக்குக் காய் இல்லாத சாம்பார் வரும்?

நம் கொங்குப் பக்கம் கடைக்கு வருகிறவரை 'வாங்க, உக்காருங்க' என்று வாய் நிறையக் கூப்பிடுகிறோம். அதே வாய் டேபிள் துடைப்பவரை 'டேய்' என்கிறது. ஐம்பது வயதுக்காரராக இருந்தாலும் அப்படித்தான். இதை மாற்றப் பத்துப் பைசா செலவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள்.

ஒரு மத்தியானம் ரூமுக்கு ஒரு எட்டுப் போய், ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். தூக்கம் வருகிறதா?

லீவு அடுத்த விஷயம். யாருக்கு என்றைக்கு வார லீவு என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். உசிலம்பட்டிக்காரருக்குக் கோயில் திருவிழா, பீகார் பையனுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். தன்பாத் எக்ஸ்பிரஸில் இடம் பிடிக்க வேண்டிய பையனிடம் 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்றால், அவன் சொல்லாமல்தான் போவான். திரும்பியும் வரமாட்டான். இரண்டு மாதம் முன்பே தேதியைச் சொல்லி, முறை வைத்து அனுப்புங்கள்.

22 பேர் இருப்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் உங்களுக்கு உண்டு. இ.எஸ்.ஐ.யில் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவருக்கு அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. ஐந்து வருஷம் முடித்தவருக்கு, வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கும் கிராஜுவிட்டிப் பணமும் உண்டு. கணக்குக்கு எடுக்கும் சம்பளம் 13,000 என்றால் வருஷத்துக்கு 7,500 வீதம் ஐந்து வருஷத்துக்கு 37,500 ரூபாய். இதை உங்கள் ஆட்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் அந்த 1,500 இவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்காது. அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கடன் ஏறியவர் மனசு வேலையில் இருக்காது, ராத்திரி பஸ்ஸில்தான் இருக்கும்.

சரி, நாளைக்கு மூன்றரை மணி வாக்கில் திருப்பூர் மாஸ்டருக்கு ஒரு போன் போடுங்கள். திரும்பி வரச் சொல்ல வேண்டாம். 'என்ன குறை இருந்தது, சொல்லுங்க மாஸ்டர்' என்று மட்டும் கேளுங்கள். இப்போது அவருக்குச் சண்டை பயம் இல்லை, சொல்வார்.