பனடோலும் டைலனோலும் ஒரே மருந்துதான்

முதலில் உங்கள் மாமாவைப் பற்றி. பிஸ்கட் பெட்டி, ஜூஸ் போத்தல், உணவில் சேர்க்கும் பொருட்களுக்குப் போடுகிற இ-எண்கள், வாட்ஸ்அப் செய்தி என்று கடிதத்தில் இரண்டு பக்கம் கேள்வி எழுதிவிட்டு, கடைசி நாலு வரியில்தான் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். முழங்கால் நோவுக்குப் பனடோல் போடுகிறார், கனடாவில் இருந்து மச்சாள் கொண்டுவந்த டைலனோலும் போடுகிறார், தடிமன் பிடித்ததும் தடிமன் குளிசையும் சேர்ந்துவிட்டது, இப்போது மூன்று நாளாகச் சாப்பாடு பிடிக்கவில்லை, சத்தி வருகிறது என்கிறார். அதைப் படித்த உடனேயே நீங்கள் தந்த இலக்கத்துக்கு அழைத்து, அவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். இனி எழுதுவது உங்களுக்கும், இதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற வீடுகளுக்கும்.

பனடோலில் இருப்பது பரசிட்டமோல். டைலனோல் பெட்டியில் அசெட்டமினோஃபென் என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றேதான், ஒரே இரசாயனத்தின் நீண்ட பெயரில் இருந்து இங்கே ஒரு சுருக்கத்தையும் அமெரிக்காவிலும் கனடாவிலும் வேறொரு சுருக்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தடிமன் குளிசைகளிலும் பலவற்றில் பரசிட்டமோல் இருக்கிறது. உங்களுடையதில் ஒன்றுக்கு 500 மில்லிகிராம் என்று நீங்களே பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். பனடோல் 500 மில்லிகிராம், இரண்டு இரண்டாக மூன்று வேளை என்றால் 3 கிராம். மச்சாளின் டைலனோல் ஒரு குளிசையே 650 மில்லிகிராம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்றால் 2.6 கிராம். தடிமன் குளிசை மூன்று என்றால் இன்னும் ஒன்றரை. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 7.1 கிராம். ஆரோக்கியமான பெரியவருக்கே 24 மணிநேரத்துக்கு 4 கிராம்தான் உச்சம். மாமாவைப் போல வயதாகி மெலிந்தவர்களுக்கும், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும், தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவாகத்தான் நாங்கள் கொடுப்போம். அவர் பிழையாக எதையும் செய்ததாக நினைக்கவில்லை, மூன்று வேறு மருந்து என்றுதான் நினைத்தார். வீட்டில் மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தீர்கள்.

பரசிட்டமோல் அளவோடு எடுத்தால் நல்ல மருந்து. அளவு மீறினால் ஈரலைத் தாக்கும், அதுவும் சத்தமில்லாமல். முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், அல்லது கொஞ்சம் குமட்டலும் சாப்பாட்டில் வெறுப்பும் இருக்கும், அதை வாய்வு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். கண் மஞ்சளாவதும், வலது விலாவுக்குக் கீழே நோவதும், ஆள் தடுமாறுவதும் பிறகுதான் வரும். அதுவரை காத்திருக்காதீர்கள். பரசிட்டமோல் கூடிப்போனது என்று தெரிந்தாலே, ஆள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் சரி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், போக வழியில்லையென்றால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். அசெட்டில்சிஸ்டீன் என்று இந்த நஞ்சை முறிக்கிற மருந்து இருக்கிறது. ஒரேயடியாகக் கூட எடுத்தவருக்கு முதல் 8 மணிநேரத்துக்குள் தொடங்கினால் அது மிக நன்றாக வேலை செய்யும், பிந்தினாலும் கொடுப்போம். போகும்போது பெட்டி, அட்டை, போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். "வெள்ளைக் குளிசை" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. பனடோலில் மச்சுப்போ வைரஸ் இருக்கிறதாம். நாலு வருடமோ ஐந்து வருடமோ அல்ல, அதற்கும் மேலாகச் சுற்றும் பொய் அது. அந்த வைரஸ் பொலிவியாவில் எலிகளால் பரவுவது, உலர்ந்த குளிசைக்குள் உயிரோடு இருக்காது. ஆனால் எனக்குக் கோபம் வருவது ஒரு விடயத்தில்: அந்தச் செய்தியைப் பார்த்துப் பயந்துதான் மாமா "பனடோலைக் குறைப்போம்" என்று டைலனோலுக்கு மாறத் தொடங்கியிருக்கிறார், பனடோலை நிறுத்தவும் இல்லை. யாரோ அனுப்பிய செய்தியைக் குடும்பமே இருந்து வாசித்திருக்கிறீர்கள், கையில் இருந்த பெட்டியின் பின்பக்கத்தை ஒருவரும் வாசிக்கவில்லை.

இ-எண்களை விடுங்கள். இ300 விற்றமின் சி, இ330 தேசிக்காய்ப் புளிப்பைத் தருகிற சிற்றிக் அமிலம். எண் போட்டிருப்பதாலேயே ஒன்று நஞ்சாகாது. "சீனி சேர்க்கவில்லை" என்று போட்ட ஜூஸை மாமா குடிக்கலாமா என்ற கேள்வி நியாயமானது, அவருக்கு நீரிழிவு இருப்பதால். "சீனி சேர்க்கவில்லை" என்றால் மேலதிகமாகச் சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம், பழத்தின் சீனி அப்படியே இருக்கும். 2016 ஆகஸ்டில் இருந்து இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் நிறக் குறியீடு இருக்கிறதே, 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். ஆனால் செம்மஞ்சள் போத்தலையும் முழுதாகக் குடித்தால் சீனி ஏறும், அதனால் போத்தலில் எத்தனை மில்லிலீட்டர் என்றும் பாருங்கள்.

யாரை நம்புவது என்று கேட்டீர்கள். வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பார்மசியில், காசாளரிடம் அல்ல, மருந்தாளரிடம் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் கொண்டுபோய்க் காட்டி, "இதில் ஒரே மருந்து இரண்டு தரம் இருக்கிறதா" என்று கேளுங்கள். காசு கேட்க மாட்டார். வீடியோவில் ஒரு மாவைப் புகழ்ந்துவிட்டு அதையே விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

மச்சாளின் பெட்டியில் அட்வில்லும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது ஐபுபுரொஃபென் என்ற வேறொரு நோவு மருந்து. கொழும்பில் மழைக்காலத்தில் யாருக்காவது காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம், அப்போது ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அசிட் மாதிரியானவை டெங்குவில் வரக்கூடிய இரத்தக்கசிவை மோசமாக்கும். நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்துக்கும் அது நல்லதல்ல, ஆகவே டைலனோலை நிறுத்திவிட்டோமே என்று மாமாவுக்கு இதைக் கொடுக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு பேனையை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் "காய்ச்சலுக்கு இல்லை, மாமாவுக்கு இல்லை" என்று பெரிதாகத் தமிழில் எழுதி வையுங்கள்.