மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் பிள்ளைகளின் மனசும்: தாதி அக்காவின் கேள்வி பதில்

சிங்கப்பூரில் சிறுவர் புற்றுநோய் வார்டில் 23 ஆண்டுகள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைகளின் மனசு, வீட்டாரின் மனசு, இவை பற்றிக் கேளுங்கள். மருந்து அளவு கேட்டால் பதில் வராது.

தெம்பனிஸ் அம்மா: மகனுக்கு 6 வயது. அடுத்த மாதம் தனி அறையில் பல வாரம் இருக்க வேண்டுமாம். "சும்மா செக்கப், வலிக்காது" என்று சொல்லி வைத்திருக்கிறோம். சரிதானே அக்கா?

சரியில்லை அம்மா. அந்தச் செக்கப் கதையை இன்றைக்கே கைவிடுங்கள். கீமோ என்கிற பலமான புற்றுநோய் மருந்து உடம்பில் ஏறி ஒரு வாரம், பத்து நாளில் வாய் முழுக்கப் புண் வரும். எச்சில் விழுங்கக்கூடச் சிரமப்படுவான். "வலிக்காது" என்று சொன்ன அம்மா அடுத்து எதைச் சொன்னாலும் நம்புவானா?

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன் எலும்புக்குள்ள ரத்தம் தயாராகிற இடம் சரியா வேலை செய்யல. பலமான மருந்து கொடுத்து அதைச் சுத்தமாக்கிட்டு, புதுசா விதை போடப் போறாங்க. முடி கொட்டும், மறுபடி வளரும். வாய் வலிக்கும், வலிக்கு மருந்து தருவாங்க. நீ செஞ்ச எதனாலயும் இது வரல." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இந்த வயதுப் பிள்ளைகள் பலர் நோயைத் தண்டனை என்று நினைத்துக்கொள்வார்கள். தங்கையை அடித்ததால்தான் தனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது என்று ஒரு பையன் என்னிடம் ரகசியமாகச் சொன்னான். அதை எத்தனை மாதம் மனசுக்குள் வைத்திருந்தானோ.

இன்னொன்று. தாத்தா இறந்தபோது "தூங்கிட்டார்" என்று சொல்லியிருந்தால், மயக்க மருந்து நாளில் "உன்னைத் தூங்க வைப்பாங்க" என்று சொல்லாதீர்கள். ஏன் கத்துகிறான் என்று அப்புறம் எங்களைக் கேட்பீர்கள்.

பொங்கோல் அப்பா: செலவு எவ்வளவு? மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கு போதுமா?

மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். வார்டில் சேர்வதற்கு முன்பே.

உட்லண்ட்ஸ் மாமா: தானம் கொடுப்பவரின் முதுகெலும்பு பாதிக்குமா?

பாதிக்காது. இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து மயக்கத்தில் எடுப்பார்கள். சில நாள் வலி இருக்கும். பலரிடம் கையிலிருந்து ரத்தம் எடுப்பது போலவே ரத்தத்தை உண்டாக்கும் அணுக்களை எடுத்துவிடுகிறார்கள். 1993 முதல் இங்கே எலும்பு மஜ்ஜை நன்கொடைத் திட்டம் இருக்கிறது. 18 முதல் 49 வயதுவரை உள்ளவர்கள் கன்னத்தின் உள்பக்கம் ஒரு பஞ்சுக் குச்சியைத் தடவிக் கொடுத்துப் பதிந்துகொள்ளலாம். நம்மவர்கள் இன்னும் நிறையப் பேர் சேர வேண்டும். இனம் ஒன்றாக இருந்தால் பொருந்தும் வாய்ப்பு கூடும்.

ஈசூன் தாத்தா: என் பேத்திக்கு 8 வயது. அண்ணனுக்கு அவள் மஜ்ஜைதான் பொருந்தியது. சின்னப் பிள்ளையிடம் விவரம் எதற்கு? ஊசி போட்டுக்கொள், பொம்மை வாங்கித் தருகிறேன் என்றால் போதாதா?

போதாது ஐயா. இடுப்பு ஏன் வலிக்கிறது என்று மறுநாள் யாரைக் கேட்பாள்? ஒரு பெற்றோரின் பிள்ளைகளில் ஒருவருக்கு இன்னொருவர் முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். அப்படிக் கிடைத்தவள் அவள். தெரிந்துகொண்டு கொடுக்கட்டுமே.

ஈசூன் தாத்தா: தெரிந்தால் பயம்தானே அம்மா மிஞ்சும்? எங்கள் காலத்தில் பெரியவர்கள் முடிவு செய்தார்கள், நாங்கள் கீழ்ப்படிந்தோம். கெட்டா போய்விட்டோம்?

பெயர் வேண்டாம்: குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள் தாத்தா. 9 வயதில் நான் அண்ணனுக்குக் கொடுத்தேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எட்டு மாதத்தில் அண்ணன் போய்விட்டான். "என் ரத்தம் சரியில்லை, அதான்" என்று உயர்நிலைப் பள்ளி முடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. நோய் திரும்பலாம், தொற்று வரலாம், புது அணுக்களும் உடம்பும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். கொடுத்த பிள்ளை எதற்கும் பொறுப்பில்லை. யாரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று தோன்றினால், இத்தனை வருஷம் ஆன பிறகும் பேசலாம்.

ஐயா, பேத்தியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "கொடுக்கிறது உன் வேலை. அது அண்ணன் உடம்புல வேர் பிடிக்கிறதும் பிடிக்காததும் உன் கையில இல்லை." நடந்து முடிந்த பிறகு சொன்னால் வெறும் ஆறுதலாகத்தான் கேட்கும். அப்புறம், மஜ்ஜை எடுக்கும் நாளில் வீடே அண்ணன் அறைக் கண்ணாடி முன்னால் நிற்கும். இவள் கண் விழிக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்காது. அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

புக்கிட் பாஞ்சாங் சித்தி: முதுகெலும்பில் ஊசி போட்டுத்தானே எடுப்பார்கள்?

மேலே படிக்கவும்.

ஜூரோங் அம்மா: மாற்றுச் சிகிச்சை முடிந்து மகள் வீடு திரும்பி மூன்று வாரம். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள், எனக்கு மட்டும் தூக்கமே இல்லை. ராத்திரி நாலு முறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நிறைய அம்மாக்களுக்கு இப்படித்தான். வார்டில் பித்தானை அழுத்தினால் தாதி வருவார். வீட்டில் நீங்களும் தெர்மாமீட்டரும்தான். 38 டிகிரி காட்டினால் காலைவரை பொறுக்காமல் உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள். இரவில் ஒரு முறை அப்பா பார்க்கட்டும், அந்த முறை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறாளா? அப்படியென்றால் அவள் எரிந்து விழுவதில் பாதி மருந்தின் குணம், மனசுக்குள் எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்புங்கள், கோபித்துக்கொண்டால் டாக்டர் மேல் பழியைப் போடுங்கள். அதற்குத்தான் டாக்டர் இருக்கிறார். மகளிடம் மட்டும் "இனிமே ஊசியே கிடையாது" என்று சொல்லிவிடாதீர்கள். தடுப்பூசிகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

செங்காங் அண்ணன்: தானம் கொடுத்தால் முதுகு...

இடுப்பு. இடுப்பு. இடுப்பு.

ஈசூன் தாத்தா (மறுநாள்): சொல்லிவிட்டேன் அம்மா. பயப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் இரண்டு கேள்வி கேட்டாள். அண்ணனுக்கு என் ரத்த வகை வந்துவிடுமா? எனக்குப் பள்ளிக்கு லீவு உண்டா?

வகை வேறாக இருந்தால், போகப் போக அவள் வகைக்கே மாறிவிடும். லீவும் உண்டு ஐயா, டாக்டரிடம் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்டு வாங்கிக் கொடுங்கள்.