காட்டு புளூபெர்ரி: பூக்கொத்து கருகுவது உறைபனியாலா, நோயாலா?

கேள்வி: கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில், கம்பர்லண்ட் பகுதியில் 20 ஏக்கர் காட்டு புளூபெர்ரி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். இந்தச் செடியை அறுத்துவிட்டால் ஓராண்டு தளிர் வளரும், மறு ஆண்டு காய்க்கும். அதன்படி பாதி நிலம் இந்த ஆண்டு காய்க்க வேண்டியது. மறுபாதியைச் சென்ற இலையுதிர் காலத்தில் மோவர் (புல் வெட்டும் இயந்திரம்) விட்டு அறுத்திருக்கிறார்கள். இப்போது ஜூன் முதல் வாரம். காய்ப்புப் பக்கத்தில் திட்டுத்திட்டாக இளம் இலையும் பூக்கொத்தும் பழுப்பாகித் தொங்குகின்றன. அறுத்த பக்கத்திலோ, அக்கம்பக்கத்து நிலங்கள் பச்சை பிடித்த பிறகும் இரண்டு ஏக்கர் மொட்டையாகவே கிடக்கிறது. உரம் போடலாமா? தேனீப் பெட்டி எத்தனை வைக்க வேண்டும்?

பதில்: முதலில் உரப் பையைக் கீழே வையுங்கள். இரண்டு பக்கத்துச் சிக்கலுக்கும் உரம் மருந்தல்ல.

காய்ப்புப் பக்கத்தில் கருகிய கொத்து ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். இலையின் நடுநரம்பையும் காம்பையும் ஒட்டிப் பழுப்பு இறங்கி, அங்கே சாம்பல் கலந்த வெள்ளை மாவு பூசியதுபோல் இருந்தால் அது மம்மி பெர்ரி என்ற பூஞ்சை நோய். உறைபனி அடித்த செடியில் இந்த மாவு இருக்காது. உறைபனிக்கு வேறு அடையாளங்கள் உண்டு: பள்ளமான இடத்தில்தான் அதிகம் தெரியும்; பூவை நகத்தால் பிளந்தால் உள்ளே சூலகம் கறுத்திருக்கும். விரிந்த பூவுக்குச் சுமார் -2 டிகிரி செல்சியஸே ஆபத்து. 2018 ஜூன் 4 அதிகாலையில் உங்கள் மாகாணத்தில் பல நிலங்கள் பூவைப் பறிகொடுத்தது அப்படித்தான்.

நீங்கள் சொல்லும் 'திட்டுத்திட்டாக' என்பதைக் கேட்டால் எனக்கு நோய்மீதுதான் சந்தேகம். இந்தச் செடியை யாரும் நடுவதில்லை. விதையில் முளைத்த ஒவ்வொரு செடியும் மண்ணுக்கடியில் தண்டு ஓட்டித் தனித்தனித் திட்டாகப் பரவியிருக்கும். ஒரு திட்டு முன்னதாகத் துளிர்க்கும், அடுத்தது பத்து நாள் கழித்து. சென்ற பருவத்தில் வற்றி விழுந்த காய்களிலிருந்து வசந்தத்தில் பழுப்புக் கோப்பை போன்ற சிறு காளான்கள் எழுந்து வித்துகளை வீசும். அந்த நேரத்தில் எந்தத் திட்டின் மொட்டு வாய் திறந்து ஈரத்தில் நிற்கிறதோ, அதற்குத்தான் அடி.

புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்க வேண்டியது அப்போதுதான். மொட்டு பிளந்த பிறகு இலை நீண்ட நேரம் நனைந்திருந்தால், நனையத் தொடங்கியதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும். கருகிய கொத்தைப் பார்த்துவிட்டு இப்போது அடித்தால் மருந்துதான் வீண். அந்த வெள்ளை மாவைத் தேனீக்கள் பூவுக்குப் பூ கொண்டுபோகும், அந்தக் காய்களும் பழுக்காமல் வற்றும். அதற்காகத் தேனீயை நிறுத்திவிட முடியாது.

பூக்கும் காலம் மழையாகவே போனால் போட்ரைடிஸ் என்ற இன்னொரு பூஞ்சையின் கருகலும் சேர்ந்துகொள்ளும். ஷீப் சோரல் களை மண்டிய இடத்தில் அது இன்னும் மோசம். சோரலின் மகரந்தம் அந்தப் பூஞ்சைக்குத் தீனி.

தேனீ: காய்ப்புப் பக்கத்துக்கு ஏக்கருக்கு 2 பெட்டியில் தொடங்குங்கள். காட்டு வண்டுத்தேனீ நடமாட்டம் குறைவாகத் தெரிந்தால் 3 அல்லது 4. ஒரு திட்டின் பூவுக்கு வேறு திட்டின் மகரந்தம் வந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும் என்பதால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 முதல் 20 சதவீதம் பூ விரிந்ததும் பெட்டி வந்துவிட வேண்டும்; உங்களுக்கு ஏற்கெனவே தாமதம். காற்று மறைந்த, காலை வெயில் விழும் இடத்தில் வையுங்கள். சுற்றிலும் மின்வேலி போடாமல் விட்டால் கறுப்புக் கரடி ஒரே ராத்திரியில் கணக்கை முடித்துவிடும். பூ இருக்கும்வரை பூச்சிமருந்து பக்கமே போக வேண்டாம்.

இனி அந்த மொட்டை இரண்டு ஏக்கர். பகலில் நடந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச் விளக்குடன் போய் மண்டியிட்டுப் பாருங்கள். ஸ்பான்வார்ம் புழுக்கள் பகலில் சருகுக்கடியில் பதுங்கி, இரவில் ஏறிவந்து மண்ணைப் பிளக்கும் தளிரைத் தரைமட்டத்திலேயே கடித்துவிடும். துளிர்க்கவில்லை என்று நாம் நினைப்போம். உண்மையில் புழு துளிர்க்கத் துளிர்க்கத் தின்றுகொண்டிருக்கும். விளிம்பில் பச்சை இருக்கும் இடங்களில் வீச்சு வலையை (செடிமேல் வீசிப் பூச்சி பிடிக்கும் வலை) வீசிப் புழுவை எண்ணுங்கள். புழு இருந்தால் அந்தத் திட்டுக்கு மட்டும், உங்கள் மாகாணத்தில் இந்தப் பயிருக்குப் பதிவான மருந்தை மாலையில் அடித்தால் போதும். அப்போதும் காய்ப்புப் பக்கத்துப் பூவின் மேல் சாரல் போகக் கூடாது.

புழுவே இல்லையென்றால் அறுப்பைச் சந்தேகியுங்கள். குச்சியைத் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் அறுத்திருக்க வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் மோவர் தாவி, நாலைந்து சென்டிமீட்டர் கட்டை நின்றிருந்தால், தண்டு மண்ணிலிருந்து புதிதாக வராமல் கட்டையிலேயே கிளை பிரிந்து, பூ குறைந்த புதராகும்.

அடுத்த ஆண்டு விளைச்சல் இந்த அறுத்த பக்கத்தில்தான் முடிவாகிறது. இந்த ஆண்டு தளிர் வளர்ந்து, ஜூலை நடுவில் நுனி கறுத்து நின்றுவிடும். புதிதாக வருபவர்கள் அதை நோயென்று பயப்படுவார்கள், அது இயல்பு. அதன் பிறகுதான் பூமொட்டு கட்டும். ஆகஸ்டில் மண் காய்ந்தாலோ, செப்டோரியா புள்ளி, துரு என்ற இலைநோய்களிலோ இலை முன்னதாக உதிர்ந்தாலோ மொட்டு குறையும்.

நுனி கறுக்கும் அந்த வாரம்தான் இலைப் பரிசோதனைக்குச் சரியான நேரம். குறுக்கும் நெடுக்குமாக நடந்து, வெவ்வேறு திட்டுகளிலிருந்து 40, 50 தண்டை ஒடித்து, இலையை உருவி அனுப்புங்கள். நைட்ரஜன் 1.6 சதவீதத்துக்கும் பாஸ்பரஸ் 0.125 சதவீதத்துக்கும் குறைந்தால், அடுத்த சுற்றில் தளிர் வருவதற்கு முன்னால் உரம் இடலாம். தேவையில்லாமல் போட்ட நைட்ரஜனை முதலில் தின்பது களை. சுண்ணாம்பு எந்தக் காலத்திலும் வேண்டாம்: மண்ணின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 4-க்கு அருகில், அதாவது நல்ல புளிப்பாக, இருந்தால் புளூபெர்ரிக்கு வசதி, புல்லுக்குத் திண்டாட்டம்.

களைக்கு ஹெக்சசினோன் என்ற களைக்கொல்லி போடும் நேரம் தளிர் வருமுன், அது கடந்துவிட்டது. ஹேர் பெஸ்க்யூ புல் இருந்தால் மண் குளிர்ந்த பிறகு, உறைவதற்கு முன், இலையுதிர் கால முடிவில் புரோனமைடு என்ற களைக்கொல்லி.

ஜூன் கடைசியில் மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டுங்கள். புளூபெர்ரிக் காய் ஈ சென்ற ஆண்டு காய்த்த மண்ணில், அதாவது இப்போது அறுத்திருக்கும் பக்கத்தில், கூட்டுப்புழுவாகக் கிடக்கும். அங்கிருந்து கிளம்பித்தான் காய்ப்புப் பக்கத்துக்கு வரும். ஆகவே இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில் பொறி அவசியம். புள்ளிச் சிறகு டிரோசோபிலா தாமதமாகப் பெருகும் ஈ. 90 சதவீதம் நீலமானதும் அறுவடையை முடித்துவிட்டால் பெரும்பகுதி தப்பும். சந்தேகமிருந்தால் 4 கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் கோப்பை உப்பைக் கரைத்து, நசுக்கிய பழத்தை அரை மணி ஊறவிடுங்கள்; புழு மேலே மிதக்கும்.

காய்ப்புப் பக்கத்தை இந்த இலையுதிர் காலத்தில் என்ன செய்வது என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். மம்மி பெர்ரி உறுதியானால், மோவர் மட்டும் விட்டால் வற்றிய காய்கள் அப்படியே தரையில் கிடந்து காத்திருக்கும். அந்தத் திட்டுகளை எரித்துவிடுவது நல்லது. அனுமதி வாங்க வேண்டும், நிலத்தின் மேல் படிந்த மக்கும் கொஞ்சம் எரிந்து போகும். முழு 10 ஏக்கரையும் எரிக்க நான் சொல்ல மாட்டேன். கருகிய திட்டுகளில் இப்போதே குச்சி நட்டுக் கொடி கட்டி வையுங்கள், நவம்பரில் எந்த இடம் என்று தேட வேண்டியிருக்காது.