ஜாவாவில் 'பேக்கேஜ் இல்லை' என்று கம்பைலர் ஏன் சொல்கிறது?

இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் ஜாவா நிரலைக் கம்பைலர் கொண்டு தொகுக்கும்போது (கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும்போது), 'ஓஆர்ஜி.அப்பாச்சி.எச்டிடிபி பேக்கேஜ் இல்லை' என்று பிழை வருகிறதா? பேக்கேஜ் என்பது ஒரு பெயரின் கீழ் சேர்த்துவைத்த நிரல்களின் கட்டு; இது வேறு யாரோ எழுதிவைத்தது. 'இம்போர்ட்' வரி அதன் பெயரைத்தான் சொல்லும், கொண்டுவந்து தராது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டங்களில் முன்பு காலைப் பிரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கங்காணி பெயர் கூப்பிடுவார். ஆள் வரிசையில் இல்லையென்றால், தொண்டை கிழியக் கத்தினாலும் மரம் சீவ ஆளிருக்காது. அந்த வரிசைதான் கிளாஸ்பாத், அதாவது கம்பைலர் பேக்கேஜைத் தேடும் இடங்களின் பட்டியல். பேக்கேஜ் அடங்கிய ஜார் கோப்பை அதில் சேருங்கள். நிரலைக் கட்டித்தரும் கருவியான மேவனைப் பயன்படுத்தினால், அதன் அமைப்புக் கோப்பான போம் கோப்பில் டிபெண்டென்சியாக (தேவைப்படும் கட்டாக) எழுதுங்கள், அதுவே இறக்கிக்கொள்ளும். சின்ன வேலைக்கு இவ்வளவு எதற்கு என்பேன்: 2018-இல் வந்த ஜாவா 11 முதல் இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் எச்டிடிபி கிளையண்ட் ஜாவாவுக்கு உள்ளேயே இருக்கிறது. இந்தப் பிழைக்குப் பலர் வீட்டு வைஃபையைத் திட்டுகிறார்கள். தொகுக்கும் கட்டத்தில் உங்கள் நிரல் ஓடவே தொடங்கவில்லை, எந்த இணையதளத்தையும் அது இன்னும் தொடவில்லை.