டீசல் கிடைக்காத வாரத்தில் மோட்டார்ஹோம்: டேங்க் நிரப்பாததற்கு 160 பவுண்டா?

கேள்வி: 2021 செப்டம்பர் கடைசியில் மோட்டார்ஹோம் (படுத்துத் தூங்க, சமைக்க வசதியுள்ள வண்டி) வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வேல்ஸ் கிராமங்களைச் சுற்றப் போனோம். வழியெல்லாம் பெட்ரோல் பங்க்குகளில் ‘டீசல் இல்லை’ என்ற அட்டைதான். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது 90 லிட்டர் டேங்கில் பாதிதான் இருந்தது. நிரப்பித் தரவில்லை என்று முன்பணத்தில் 160 பவுண்டைப் பிடித்துக்கொண்டார்கள். நாடே தட்டுப்பாட்டில் கிடக்கும்போது இது நியாயமா? அப்புறம், ஒரு விவசாயி தன் பண்ணையில் இருந்த சிவப்பு டீசலைத் தருவதாகச் சொன்னார். நாங்கள் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாமோ?
வாசகர், லண்டன்

பதில்: வாங்காமல் வந்தீர்களே, நல்ல வேளை. சிவப்பு டீசல் டிராக்டர் போன்றவற்றுக்காக வரியைக் குறைத்து விற்பது. 2021-இல் அதற்கு லிட்டருக்கு 11.14 பென்ஸ் வரி இருந்தது, சாலை டீசலுக்கு 57.95 பென்ஸ். சாலையில் ஓடும் வண்டிக்கு அதை ஊற்றுவது குற்றம். கண்டுபிடிக்கத்தான் சாயமே கலக்கிறார்கள். வரித்துறையினர் டேங்கில் மாதிரி எடுத்துப் பார்த்து, வண்டியையே பறிமுதல் செய்யலாம். அதுவும் இரவல் வண்டி! விவசாயி நல்ல மனதோடு கேட்டிருப்பார், ஆனால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சரி, 160 பவுண்டுக்கு வருவோம். டேங்கை நிரப்பித் திருப்பித் தருவதாகத்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தட்டுப்பாடு வந்ததால் அது தானாக ரத்தாகாது. எரித்த டீசலுக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு? அப்போது டீசல் லிட்டர் 1.40 பவுண்டை ஒட்டி விற்றது. 45 லிட்டருக்கு 63 பவுண்டு. மீதி 97 எதற்கு?

நிரப்பும் கூலி என்பார்கள். அந்தத் தொகை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் விட்டுவிட வேண்டாம். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, அளவுக்கு மீறிய தொகையை இழப்பீடாகக் கேட்கும் நிபந்தனை நியாயமற்றது என்று வாதாடலாம். நியாயமற்ற நிபந்தனை உங்களைக் கட்டுப்படுத்தாது.

தட்டுப்பாடு உங்களுக்குக் கை கொடுப்பது இந்த இடத்தில்தான். எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, டேங்கர் ஓட்டுநர்களுக்குத்தான் பஞ்சம். மீதியை மக்களின் பீதி பார்த்துக்கொண்டது. செப்டம்பர் 23 அன்று பிபி எண்ணெய் நிறுவனம் தன் பங்க்குகளில் சிலவற்றை மூடுவதாகச் சொன்னதும் மக்கள் வரிசை கட்டத் தொடங்கினார்கள். சில பங்க்குகளில் ஒரு தடவைக்கு 30 பவுண்டுக்கு மேல் போட முடியவில்லை. அதில் 21 லிட்டர்தான் வரும். உங்கள் பாதி டேங்குக்கு மூன்று வரிசையில் நின்றிருக்க வேண்டும், அதுவும் பங்க் திறந்திருந்தால்! அக்டோபர் 4 முதல் ராணுவத்தினர் டேங்கர் ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே அலட்சியத்தால் நிரப்பாமல் விட்டதாக யாரும் சொல்ல முடியாது. ‘டீசல் இல்லை’ அட்டையின் படம், போட்ட டீசலின் ரசீது என்று எது இருந்தாலும் சேர்த்து, கணக்கைப் பிரித்துக் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். டீசல் விலையோடு இருபது, இருபத்தைந்து பவுண்டு கூலி என்றால் நான் பேசாமல் கொடுத்துவிடுவேன். மசியாவிட்டால், நிறுவனம் பிவிஆர்எல்ஏ என்ற வாடகை வண்டிச் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். உறுப்பினர் என்றால் சங்கத்திடமே புகார் கொடுக்கலாம். கார்டில் பிடித்திருந்தால் வங்கியிடமும் முறையிடலாம்.

கேள்வி: விடுமுறைக்கு மோட்டார்ஹோமை ஆன்லைனில் பதிவு செய்தேன். ஆன்லைன் என்றால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாமாமே?
வாசகி, லெஸ்டர்

பதில்: பொருள் வாங்கினால் பெரும்பாலும் முடியும். குறிப்பிட்ட தேதிக்கு எடுக்கும் வாடகை வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. நிறுவனத்தின் ரத்து விதி என்னவோ அதுதான். பணத்தைத் திருப்பிக் கேட்பதைவிட, தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.